உங்கள் உயரத்துக்கு எந்த எடைப் பிரிவு? பளு தூக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தங்கள் பலத்தை 'மடங்கு' வைத்துத்தான் பேசுவார்கள். "மாஸ்டர், அவன் பாடி வெயிட்டுக்கு மூணு மடங்கு டோட்டல் போட்டுட்டான். எனக்கு ரெண்டரைதான் வருது." (டோட்டல் என்றால் போட்டியின் இரண்டு வகைத் தூக்கலும் சேர்ந்த எண்.) சொல்கிறவன் 79 கிலோ. அவன் பார்த்து ஏங்கும் பையன் 55 கிலோ. இந்த மடங்குக் கணக்கு பெரிய உடம்புக்காரனுக்கு அநியாயம் செய்கிறது, சின்ன உடம்புக்காரனுக்கு இல்லாத தெம்பைக் கொடுக்கிறது. அதைவிட மோசம், இந்தக் கணக்கை நம்பித்தான் வளரும் வயதுப் பிள்ளைகள் சோற்றைக் குறைத்துக்கொண்டு கீழ் எடைப் பிரிவுக்குப் போகிறார்கள். நான் வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பளுதூக்குதல் சொல்லித் தருகிறவன். எந்தப் பிரிவில் நிற்பது, அந்த உடம்புக்கு எவ்வளவு தூக்கினால் நல்லது, உயரத்துக்கேற்ப எதை மாற்றுவது என்று கூடத்தில் தினம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் காரணம். தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தேர் வடத்தைப் பாருங்கள்: பருமன் கூடினால் பலம் கூடும், நீளம் கூடினால் கனம்தான் கூடும். உடம்பும் அப்படியே. ஒருவன் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதானால் எடை நீள, அகல, தடிமன் மூன்றிலும் ஏறுகிறது. பலமோ பருமனுக்குரிய இரண்டில் மட்டும் ஏறுகிறது. அதனால் எடை இரட்டித்தாலும் பலம் இரட்டிக்காது, ஏறக்குறைய 1.6 மடங்குதான் ஆகும்.

இதைச் செல்போனிலேயே போட்டுப் பார்க்கலாம். உங்கள் எடையை அதே எண்ணால் பெருக்குங்கள், வந்ததற்குக் கனமூலம் எடுங்கள். (போனைக் குறுக்காகத் திருப்பினால் கால்குலேட்டரில் அந்தப் பொத்தான் வரும்.) 50 கிலோவுக்கு 13.57 வரும். 60-க்கு 15.33, 70-க்கு 16.98, 80-க்கு 18.57, 90-க்கு 20.08, 100-க்கு 21.54. உங்கள் டோட்டலை, அதாவது ஸ்னாட்சும் ஜெர்க்கும் சேர்ந்த எண்ணை, இதனால் வகுத்தால் வருவதுதான் உங்கள் புள்ளி. (பளு மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது ஜெர்க்.)

அந்த இரண்டு பையன்களுக்கே போட்டுப் பார்ப்போம். 55 கிலோ பையன் 170 டோட்டல்: புள்ளி 11.76. 79 கிலோ பையன் 200 டோட்டல்: புள்ளி 10.86. சின்னவன்தான் முன்னால் இருக்கிறான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பெரியவன் அவனை எட்டிப்பிடிக்க எவ்வளவு தூக்க வேண்டும்? மடங்குக் கணக்கு 244 என்று சொல்லி அவனைக் கலங்கடிக்கும். இந்தக் கணக்கில் 217 போதும். 44 கிலோ ஏற்றுவதற்கும் 17 கிலோ ஏற்றுவதற்கும் நடுவில் ஒரு பையன் விளையாட்டையே விட்டுவிட இடம் இருக்கிறது.

இது காகிதக் கணக்கு இல்லை என்று காட்ட 2016 ரியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வேன். ஆண்கள் 56 கிலோவில் சீனாவின் லாங் சிங்சுவான் 137-உம் 170-உம் தூக்கி 307 டோட்டலில் தங்கம் வாங்கினார். அவர் புள்ளி 20.97. அதே புள்ளியில் 77 கிலோ உடம்பு எவ்வளவு தூக்கும் என்று பெருக்கினால் 379 கிலோவும் சில்லறையும் வருகிறது. அதே ரியோவில் 77 கிலோவில் லியூ ஷியாவ்ஜுன் தூக்கிய டோட்டல் 379! எங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கமும் அந்த மேடையில் 77 கிலோவில்தான் நின்றார். டோட்டல் 329, பதினோராம் இடம். புள்ளி 18.18. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 149, 179 என்று தூக்கித் தங்கம் வாங்கியபோதும் கிட்டத்தட்ட அதே புள்ளிதான். என் பிள்ளைகளுக்கு எந்த உடம்பானாலும் 18 என்பது காமன்வெல்த் தங்கத்தின் உயரம், 21 என்பது ஒலிம்பிக் தங்கத்தின் உயரம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். பெண்களுக்கு வேறு அளவு. 2021-இல் டோக்கியோவில் மீராபாய் சானு 49 கிலோவில் 87, 115 தூக்கி 202 டோட்டலில் வெள்ளி வாங்கியது 15-ஐத் தாண்டிய புள்ளி.

ஆனால் இந்தக் கணக்கு மேல் பிரிவுகளில் உதைக்கும். லாஷா தலாகாட்ஸே அதே ரியோவில் 473 தூக்கினார், எடை 150 கிலோவுக்கு மேல். கணக்குப்படி 600 போல வந்திருக்க வேண்டும். எல்லை இல்லாத பிரிவில் ஏறும் எடை முழுக்கத் தசையாக இருப்பதில்லை, எலும்பும் மூட்டும் தாங்குவதற்கும் ஒரு வரம்பு உண்டு. அதனால்தான் பளுதூக்குதலில் சின்க்ளேர் புள்ளி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கனடாவின் ராய் சின்க்ளேர் 1978-இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிரிவிலும் உலகின் சிறந்தவர்கள் உண்மையில் எவ்வளவு தூக்கினார்கள் என்பதிலிருந்து கட்டிய சூத்திரம், ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் புதுப்பிப்பார்கள். பவர்லிஃப்டிங் என்பது வேறு விளையாட்டு: பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச், தரையிலிருந்து இழுத்து நிமிரும் டெட்லிஃப்ட். அதில் இதே வேலைக்கு முன்பு வில்க்ஸ் புள்ளி, 2020 முதல் ஜி.எல். புள்ளி. பல போட்டிகளில் 'பெஸ்ட் லிஃப்டர்' பரிசு இப்படிப்பட்ட புள்ளிகளை வைத்துத்தான். தினசரிப் பயிற்சிக்கு, 100 கிலோவுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, நான் சொன்ன எளிய கணக்கே போதும்.

எந்தப் பிரிவு?

இதில்தான் பெற்றோரும் பிள்ளைகளும் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2025 ஜூன் முதல் உலகச் சம்மேளனம் வைத்த பிரிவுகள்: ஆண்களுக்கு 60, 65, 71, 79, 88, 94, 110, அதற்கு மேல். பெண்களுக்கு 48, 53, 58, 63, 69, 77, 86, அதற்கு மேல். 2018-இலும் இப்படித்தான் எல்லாம் மாறியது, இனியும் மாறும். ஆகவே போட்டி அறிவிப்பில் இருக்கும் பிரிவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிள்ளை வந்ததும் நான் எடை பார்ப்பதில்லை. சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளப்பேன். எடை மாறும், எலும்பு மாறாது. வளர்ச்சி நின்ற ஆணுக்கு என் கணக்கு: சென்டிமீட்டர் உயரத்தில் 90-ஐக் கழித்தால் வருவது, முழுப் பயிற்சி ஏறிய பிறகு அவன் போய் நிற்க வேண்டிய எடைக்குப் பக்கத்தில் இருக்கும். பெண்ணுக்கு 100 கழிக்க வேண்டும். 1988 சோல் ஒலிம்பிக்கில் 60 கிலோவில் 342.5 டோட்டல் போட்ட நயிம் சுலைமானோக்லு 150 சென்டிமீட்டர்கூட இல்லை. ஜெர்க்கில் அவர் தூக்கிய 190 கிலோ அவர் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல். 172 சென்டிமீட்டர் லியூ ஷியாவ்ஜுன் ரியோவில் 77-இல் நின்றவர், டோக்கியோவில் 81-க்கு ஏறி 374 தூக்கித் தங்கம் வாங்கினார். மீராபாய் 150 சென்டிமீட்டரை ஒட்டிய உயரம், 48-49 கிலோ.

இப்போது நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். 175 சென்டிமீட்டர் உயரமான கல்லூரிப் பையன் 65 கிலோவில் நிற்கிறான். காரணம் கேட்டால் "மேல போனா காம்படிஷன் ஜாஸ்தி மாஸ்டர்" என்பான். அந்த 65-இல் அவனோடு நிற்பவன் 158 சென்டிமீட்டர். அதே எடைத் தசை குட்டை எலும்பில் சுற்றியிருந்தால் பருமனாக இருக்கும், நெட்டை எலும்பில் இழுபட்டு மெலிந்திருக்கும். போதாக்குறைக்கு நெட்டைப் பையன் பாரை இன்னும் உயரத்துக்கு இழுக்க வேண்டும், தொடை எலும்பு நீளமாக இருப்பதால் ஸ்குவாட்டில் இடுப்பு தூரமாகப் பின்னால் போகும். எல்லாக் கணக்கும் அவனுக்கு எதிராக இருக்கிறது. மாநில அளவில் ஒரு பதக்கம் வரலாம், அதற்கு மேல் நகராது. அவனுக்கு 79, பிறகு 88தான் வீடு. அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று வருடம் சாப்பிட வேண்டும், ஸ்குவாட் அடிக்க வேண்டும். நான் இதைச் சொல்லும்போது முகம் சுருங்குகிற பிள்ளைகளிடம் கர்ணம் மல்லேஸ்வரியைச் சொல்வேன். 1994-லும் 1995-லும் 54 கிலோவில் உலகச் சாம்பியன். 2000-இல் சிட்னியில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியபோது 69 கிலோவில் நின்றார். 110, 130, டோட்டல் 240.

மேல் பிரிவுக்கு ஏறுவது பலன் தருகிறதா என்பதையும் அதே புள்ளியால் கண்காணியுங்கள். 71 கிலோவில் 240 டோட்டல் தூக்குகிறவன் 79-க்கு ஏறுகிறான் என்று வையுங்கள். அதே தரத்தில் நிற்கவே அவன் டோட்டல் 258 ஆக வேண்டும். எட்டு கிலோ உடம்புக்குப் பதினெட்டு கிலோ டோட்டல். ஆறு மாதமாக எடை மட்டும் ஏறி டோட்டல் 245-லேயே நின்றால் ஏறியது வயிற்றில்தான். இன்ச் டேப்பை எடுத்துத் தொடையையும் இடுப்பையும் அளந்தால் தெரிந்துவிடும். தொடை ஏற வேண்டும். இடுப்பு மட்டும் ஏறினால் சாப்பாட்டைத் திருத்துங்கள்.

பதினேழு வயதுக்குள் இருப்பவர்களுக்கு என் சட்டம் ஒன்றுதான்: எடை குறைக்கக் கூடாது. வளர்ந்து பிரிவு தாண்டினால் தாண்டட்டும், அடுத்த பிரிவில் பெயர் கொடுப்போம். மாவட்டப் போட்டியின் ஒரு மெடலுக்காக வளரும் பெண்ணை ஒரு வேளை பட்டினி போடச் சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பார் எல்லோருக்கும் ஒன்றுதான்

ஆள் சின்னதானாலும் பெரிதானாலும் போட்டி பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதாவது தரையிலிருந்து பாரின் நடு 22.5 சென்டிமீட்டரில் இருக்கும். 148 சென்டிமீட்டர் பிள்ளைக்கு அது கணுக்காலுக்கும் முட்டிக்கும் பாதி வழியை ஒட்டி வரும், 183 சென்டிமீட்டர் ஆளுக்கு நன்றாகக் கீழே கிடக்கும். குட்டையானவர்கள் இடுப்பைச் சற்று இறக்கி, நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தால் போதும். நெட்டையானவர்கள் அதைப் பார்த்து அப்படியே செய்தால் முட்டி பாருக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், பார் முட்டியைச் சுற்றி வர வேண்டியிருக்கும். அவர்கள் கால் நுனியை இன்னும் வெளிப்பக்கம் திருப்பி, முட்டிகளைக் கைகளோடு ஒட்டித் திறந்து, இடுப்பைக் கொஞ்சம் உயரத்தில் வைக்க வேண்டும். குதிகால் உயர்ந்த பளுதூக்கும் ஷூ எல்லோருக்கும் நல்லது, தொடை நீளமானவர்களுக்குக் கட்டாயம்.

நம் ஊர் ஜிம்களில் சின்ன இரும்பு பிளேட் போட்டுத் தரையிலிருந்து இழுக்கிறார்கள். 10 கிலோ இரும்பு பிளேட் 45 சென்டிமீட்டர் இருக்காது. பார் தரையோடு கிடக்கும், முதுகு வளையும். இரண்டு பக்கமும் மரப்பலகை அடுக்கி, பாரின் நடு 22.5-க்கு வரும்வரை உயர்த்திவிட்டுத் தொடங்குங்கள். ஸ்கேல் வைத்து அளந்தே செய்யுங்கள்.

ஸ்னாட்ச் பிடி ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி முஷ்டி மடக்குங்கள். முஷ்டியின் விரல்முட்டியிலிருந்து எதிர்த் தோளின் வெளி ஓரம்வரை டேப்பால் ஒருவர் அளக்கட்டும். பாரில் இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே அந்தத் தூரம் வைத்துத் தொடங்கலாம். பிறகு பாரைப் பிடித்து நிமிர்ந்து நின்று, கை நேராக இருக்க, ஒரு காலை மட்டும் முட்டி மடக்கித் தூக்குங்கள். பார் தொடையும் வயிறும் மடியும் குழியில் விழ வேண்டும். தொடையில் கீழே இடித்தால் பிடியை ஒரு விரல் அகட்டுங்கள், வயிற்றில் ஏறினால் ஒரு விரல் குறையுங்கள். கை நீளமானவர்களுக்கு இதிலும் ஒரு தொல்லை உண்டு: பாரில் பிளேட்டுகள் உள்ளே நகராமல் தடுக்கும் இரண்டு காலர்களுக்கு நடுவே இருக்கும் தண்டு 131 சென்டிமீட்டர்தான். ஆறடிக்கு மேல் உள்ள சிலருக்குக் கை காலரிலேயே போய் முட்டும். அவர்கள் முழங்கையை மடக்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பார் தொடையில் சற்றுக் கீழே பட்டாலும் பரவாயில்லை, கை நேராக இருக்கட்டும்.

சின்னக் கைக்குத் தடித்த பார் பெரிய எதிரி. பளுதூக்குதலில் பெண்களுக்கு 25 மில்லிமீட்டர் தடிமனில் 15 கிலோ பார் தனியாக உண்டு, ஆண்கள் பார் 28 மில்லிமீட்டர், 20 கிலோ. பவர்லிஃப்டிங்கில் அப்படிப் பிரிக்கவில்லை, 47 கிலோ பெண்ணும் 120 கிலோ ஆணும் ஒரே 20 கிலோ பாரைத்தான் பிடிக்கிறார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் அழுத்தும் ஹூக் பிடியை முதல் வாரத்திலேயே பழக்குங்கள். கட்டைவிரல் ஒரு மாதம் எரியும். பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் விரல் மடங்க வேண்டும்.

பவர்லிஃப்டிங் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எடை ஏறினால் ஸ்குவாட்டும் பெஞ்சும் வேகமாக ஏறும், டெட்லிஃப்ட் அவ்வளவு ஏறாது. நெஞ்சும் இடுப்பும் தடித்தால் பெஞ்சில் பார் போக வேண்டிய தூரம் குறைகிறது, ஸ்குவாட்டில் அடியில் உட்கார ஒரு தாங்கல் கிடைக்கிறது. டெட்லிஃப்டில் அதே வயிறு பாருக்குக் குனிய விடாமல் தடுக்கிறது. அங்கே கை நீளம்தான் ராஜா. அமெரிக்காவின் லமார் கேன்ட் 1985-இல் 60 கிலோ உடம்போடு 300 கிலோ டெட்லிஃப்ட் செய்தார், எடையைப்போல் ஐந்து மடங்கு. அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, உடல் குறுகி, கைகள் உடம்புக்கு மிக நீளமாகத் தொங்கின. பெஞ்சில் பிடி அகலம் எல்லோருக்கும் 81 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. குட்டைக் கைக்காரருக்கு அந்த 81-ஏ மிக அகலம், நெஞ்சை வளைத்தால் பார் கொஞ்சம்தான் நகரும். 2023 முதல் முழங்கையின் அடி தோள் மூட்டின் மேல்மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் பழைய வீடியோவைப் பார்த்துப் பழகாதீர்கள்.

எடை ஏற்றுவது

மாதம் ஒரு கிலோ. அதற்கு மேல் ஏறினால் கொழுப்பு. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோ பையனுக்கு 100 கிராமுக்குக் குறையக் கூடாது. நான்கு முட்டை, அரை லிட்டர் பால், ஐம்பது கிராம் வேர்க்கடலை, நூறு கிராம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறவைத்து, மதியமோ இரவோ 150 கிராம் கோழி. இவ்வளவும் சேர்ந்தால் 100 தாண்டிவிடும். கறி சாப்பிடாத வீட்டில் பாலையும் பயறையும் கூட்டிப் பன்னீர் சேர்க்கலாம். சோறு, இட்லி, கேழ்வரகுக் களி இவற்றைக் குறைக்கவே கூடாது, பாரை இழுக்க அதுதான் எரிபொருள். பெயர் தெரியாத பவுடர் டப்பாவை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். நாடா (NADA, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) சோதனையில் மாட்டினால் "எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது.

எடை பார்க்கும் நாள்

பளுதூக்குதலில் போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எடை பார்க்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடிப்பார்கள். உடம்பிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு அந்த இடைவெளியில் திரும்ப நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஜெர்க்கில் கால் நடுங்கும். வளர்ந்த விளையாட்டு வீரருக்கு, முந்தைய நாள் காலை எடை பிரிவுக்கு மேல் ஒரு கிலோவுக்குள் இருந்தால் போதும். அன்று உப்பையும் கீரை, பயறு போன்ற நார்ச்சத்தையும் குறைத்து, இரவு உணவைச் சீக்கிரம் கொஞ்சமாக முடித்தால் காலையில் இறங்கிவிடும். அதற்கு மேல் இருந்தால் மேல் பிரிவில் பெயர் கொடுத்திருக்க வேண்டியவர் நீங்கள். பிளாஸ்டிக் உறை மாட்டி ஓடுவது, எச்சில் துப்புவது, மாத்திரை போடுவது எதுவும் வேண்டாம். 2024 பாரிஸில் மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் வினேஷ் போகத் இரவெல்லாம் உழைத்தும் நூறு கிராம் நின்றுவிட்டதை நாடே பார்த்தது.

வீட்டு மெஷினை நம்ப வேண்டாம். போட்டி நடக்கும் இடத்தில் பழக எடைமெஷின் வைத்திருப்பார்கள், முந்தைய நாளே ஏறிப் பார்த்துவிடுங்கள். எடை கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி வந்து ஏறலாம்.

எடை பார்த்து முடிந்ததும் முதல் பத்து நிமிடத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசலோ இளநீரோ ஒரு டம்ளர், மடக்கு மடக்காக. பிறகு மூன்று இட்லி, சாம்பார் அதிகம் வேண்டாம், ஒரு வாழைப்பழம். பூரியும் பிரியாணியும் மேடை இறங்கிய பிறகு. வார்ம்-அப் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். எடை இறக்கி வந்த பிள்ளையாக இருந்தால் ஸ்னாட்ச் முதல் முயற்சியை, பயிற்சியில் மூன்று முறை தொடர்ந்து தவறாமல் தூக்கிய எடையிலிருந்து இரண்டு கிலோ குறைத்து எழுதிக் கொடுங்கள். அது ஏறிவிட்டால் இரண்டாவதை எங்கே வைப்பது என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.